முறை நாள்



எங்கள் வலங்கைமான் பகுதியில் வாய்க்கால் தண்ணீருக்கு முறை உண்டு. ஆற்றில் நீர் குறையும் காலத்தில், இன்னின்ன நாள் இன்னார் வயலுக்கு என்று பங்கிட்டுக்கொள்வோம். 2023ஆம் ஆண்டுக் குறுவையில், என் முறைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கையில், பயிர் வாடுகிறதே என்ற பதைப்பில் இரவோடு இரவாக மடையை வெட்டி நீரை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். கடைமடையில் இருந்த என் சிற்றப்பா மகனின் வயல் காய்ந்துபோயிற்று. அன்று முதல் ஒரே கோவிலில், ஒரே திருப்பலியில் நின்றும் நாங்கள் இருவரும் பேசியதில்லை.

இந்தப் பாரம் நெஞ்சில் இருக்க, சென்ற தை அறுவடை முடிந்ததும், தவக்காலம் தொடங்குமுன், குடும்பத்தோடு பாம்பன் தீவுக்குச் சென்று தங்கச்சிமடத்தில் உறவினர் வீட்டில் ஒரு வாரம் தங்கினேன். இராமேசுவரத்துக்குப் போகிறவர்கள் பலர் வண்டியில் இருந்தபடியே கடந்துவிடும் ஊர் அது. தென்னையும் பனையும் சூழ்ந்த தெருக்கள். திண்ணைதோறும் வலை பழுதுபார்க்கும் கைகள். தீவின் வடபுறத்துப் பாக் கடலைப் ‘பெண் கடல்’ என்றும், தென்புறத்து மன்னார்க் கடலை ‘ஆண் கடல்’ என்றும் அம்மக்கள் அழைக்கிறார்கள்.

கிழக்கு முனையிலுள்ள தனுஷ்கோடிக்கும் சென்றோம். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு எழுந்த புயல் அவ்வூரை அழித்தது. பயணிகள் இரயில் ஒன்றையும் கடல் கொண்டது. கூரையிழந்த கோவிலின் சுவர்கள் இன்றும் மணலில் நிற்கின்றன. அவ்வளவு நடந்தபின்னும் அங்கே குடிசையிட்டு வாழும் மீனவர்கள் உண்டு. அலையோரத்து மணலில் தோண்டிய சிறு ஊற்றில், ஊறுமட்டும் காத்திருந்து நன்னீரை முகந்துகொள்கிறார்கள். பொறுமை அவர்களுக்கு அன்றாட உணவு.

பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் விரல்களில் துணிச் சுற்றிக்கொண்டு, கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். பாசி மீண்டும் தழைக்க வேண்டும் என்பதற்காகக் கையாலேயே பறிப்பதும், மாதத்தில் சில நாட்கள் மட்டுமே கடலில் இறங்குவதும் என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு கட்டிக்கொண்டவர்கள் இவர்கள். அவ்வூரைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு பரிசளித்துப் பெருமைப்படுத்தியது.

ஒரு நாள் மாலை, வேர்க்காட்டுப் புனித சந்தியாகப்பர் ஆலயத்தில் செபித்துவிட்டுக் கடற்கரைக்கு வந்தேன். முதியவர் ஒருவர் நாட்டுப்படகின் நிழலில் அமர்ந்திருந்தார்.

“கடல் அமைதியாகத்தானே இருக்கிறது, ஐயா? தொழிலுக்குப் போகவில்லையா?” என்றேன்.

“இன்று விசைப்படகின் நாள், தம்பி. வாரத்தில் மூன்று நாள் அவர்களுக்கு, நான்கு நாள் எங்களுக்கு. முன்பு பெரிய சண்டைகள் நடந்தன. அதன்பிறகு வந்த ஏற்பாடு இது. வயிறு இரண்டு பேருக்கும் ஒன்றுதானே?”

“முறையை மீறுகிறவர்கள் இல்லையா?”

“ஏன் இல்லை? ஆனால் மீறியவனும் கரைக்குத்தானே திரும்ப வேண்டும்? கரையில் எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!”

அவர் என்னை அறியமாட்டார். ஆயினும் அச்சொல் என்னை நோக்கியே சொல்லப்பட்டதுபோல் இருந்தது. ஞாயிறுதோறும் நான் எந்த முகத்தைப் பார்க்க அஞ்சி, கோவிலில் வேறு பக்கம் நின்றேன் என்பது எனக்குத் தெரியும்.

ஊர் திரும்பியதும், விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு நேரே தம்பியின் வீட்டுக்குச் சென்றேன். “உன் முறையைத் திருடியவன் நான்” என்றேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்பு உட்புறம் திரும்பி, “அண்ணனுக்கு மோர் கொண்டு வா” என்று மனைவியிடம் சொன்னான். அன்று அதற்குமேல் இருவரும் பேசவில்லை. வரும் குறுவையில் தண்ணீர் குறைந்தால், என் முறையில் ஒன்று அவனுக்கு. காய்ந்த பயிருக்கு அது ஈடாகாது என்பதையும் அறிவேன்.

அன்பர்களே, முறை என்பது வாய்க்காலுக்கும் கடலுக்கும் மட்டும் உரியதன்று. எல்லாரும் உண்டபின் அடுப்படியில் எஞ்சியதை உண்ணும் மருமகளுக்கு முதலில் பரிமாறப்படும் நாள் எது? முதிய பெற்றோர் பேச, நாம் கேட்கும் முறை எப்போது வருகிறது? இம்மாதம் குடும்பச் செபமாலை முடிந்தபின், யாருடைய முறையை நாம் எடுத்துக்கொண்டோம் என்று ஒருவரையொருவர் கேட்போம். விடை கிடைத்தால், மறுநாளே அவர் வாசலுக்குச் செல்வோம்.