பரிசு இல்லையேல் பயன் இல்லையோ?

பாறசாலையில் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் களியக்காவிளை, அங்கிருந்து தமிழ்நாடு. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பிழைப்புத் தேடி நெல்லைச் சீமையிலிருந்து வந்த என் தந்தை கோட்டுக்கு இப்பால் குடியேறினார். அந்த வீட்டுப் பிள்ளையாகிய நான் இன்று முதுகலையில் பௌதிகம் பயில்கிறேன்.

ஒளியை ஆராயப் போகிறேன் என்றதும் ஊர் நண்பர் ஒருவர் நகைத்தார். “சுதர்சனுக்கே நோபல் பரிசு கிட்டவில்லை. உனக்கு என்ன கிட்டும்? பேங்க் பரீட்சை எழுது!” என்றார்.

நண்பர்களே, இது நம்மில் பலர் கேட்ட பேச்சன்றோ?

இ. சி. ஜி. சுதர்சன் 1931இல் கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் பிறந்தவர். தாம்பரம் கிறிஸ்துவக் கல்லூரியில் படித்தவர். பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராய் இருந்தவர். 1963இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அவர் கண்டது இது: ஒளியின் எந்த நிலையையும் சீரான லேசர் ஒளியை ஒத்த நிலைகளின் கூட்டாக எழுதலாம். அந்தக் கூட்டில் ஒவ்வொன்றுக்கும் உரிய எடை எதிர்க்குறி பெற்றால், பழைய அலைக்கொள்கை அங்கே செல்லாது. குவாண்டம் கொள்கையே வேண்டும். அமெரிக்க அறிஞர் கிளாபரும் அதே ஆண்டில் இத்துறையில் அடிப்படை அமைத்தார். 2005இல் நோபல் பரிசில் பாதி கிளாபருக்குச் சென்றது. சுதர்சன் பெயர் இல்லை.

அவர் வாளாவிருக்கவில்லை, நோபல் குழுவுக்கு எழுதி நியாயம் கேட்டார். கேட்டது முறையே. உழைத்தவன் தன் பெயரைக் கேட்பது பேராசையாகுமா? பரிசு வரவில்லை. ஆயினும் கிளாபர்–சுதர்சன் என்ற இரட்டைப் பெயரைப் பாடநூல்கள் இன்றும் தாங்கி நிற்கின்றன. 2018இல் அவர் மறைந்தார், சமன்பாடு மறையவில்லை.

அதே ராச்செஸ்டரில் 1985இல் மூரூவும் ஸ்டிரிக்லண்டும் லேசர் துடிப்பை நீட்டி, வலுவூட்டி, மீண்டும் குறுக்கும் வழி கண்டனர். இன்று ஒளித்துடிப்பு அட்டோவிநாடிக் கணக்கில் அளக்கப்படுகிறது. ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிளந்து, அதில் ஒரு துண்டை மறுபடியும் நூறு கோடியாகப் பிளந்தால் கிடைப்பது அது! இவ்வளவு பரந்த துறையில் ஆண்டுக்கு மூவருக்கு மேல் பரிசு இல்லை. மற்றவர் உழைப்பெல்லாம் வீணா?

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பள்ளிகளுக்குச் செல்வோம். தமிழிலும் மலையாளத்திலும் ஒளியின் கதை சொல்வோம். செலவு பெரிதில்லை. லேசர் விளக்கின் முன் ஒரு தலைமயிரைப் பிடித்தால், சுவரில் ஒளியும் இருளும் வரிவரியாய் விழும். அதைக் கண்டு “ஏன்?” என்று ஒரு சிறுமி கேட்கட்டும். அந்தக் கேள்வியை எந்தப் பரிசுக் குழுவாலும் பறிக்க முடியாது.