பிள்ளை தேறியதும் மருந்தை நிறுத்தலாமா?



பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்று வைத்தியர் சொன்னால் எந்த உம்மாவின் நெஞ்சும் பதறிவிடும். ஆனால் சிகிச்சை தொடங்கிச் சில கிழமைகளில் காய்ச்சல் நின்று, முகம் தெளிந்து, பிள்ளை எழுந்து விளையாடத் தொடங்கும். உடனே, "அல்ஹம்துலில்லாஹ், சுகமாகிவிட்டதே! இன்னும் ஏன் இந்தப் பச்சைப் பிள்ளையை வதைக்க வேண்டும்?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். பாசத்தில் பிறக்கும் கேள்விதான். ஆனால் அதற்குச் செவிசாய்த்தால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்தப் பாடத்தை வைத்திய உலகமும் கஷ்டப்பட்டே கற்றது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் டொக்டர் சிட்னி ஃபார்பர் இந்நோய் கண்ட 16 பிள்ளைகளுக்கு அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அதை அவருக்குக் கிடைக்கச் செய்தவர் சென்னையில் வைத்தியம் படித்த சுப்பாராவ் என்ற விஞ்ஞானி. 10 பிள்ளைகள் தேறினார்கள். 1948 இல் அந்தச் செய்தி வெளிவந்தது. ஆனால் சில மாதங்களில் நோய் மீண்டும் தலைதூக்கியது.

காரணம் என்ன? இரத்தம் சுத்தமாகிவிட்டதாகத் தெரிந்தாலும், நுணுக்குக்காட்டிக்கும் அகப்படாத கோடிக்கணக்கான நோய்க்கலங்கள் என்புமச்சையில் ஒளிந்திருக்கலாம். மருந்து நின்றதும் அவை பெருகத் தொடங்கிவிடும். இதை உணர்ந்த டொக்டர் டொனால்ட் பிங்கல், மெம்பிஸ் நகரில் 1962 இல் திறக்கப்பட்ட புனித ஜூட் வைத்தியசாலையில், பல மருந்துகளைச் சேர்த்து, இரண்டு மூன்று வருடங்கள் விடாமல் கொடுத்தார். அறுபதுகளின் இறுதியில் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் குணமடையும் நிலை வந்தது. பிள்ளைகளுக்கு அதிகம் வருகின்ற லிம்போபிளாஸ்டிக் வகை இரத்தப் புற்றுநோயில், வசதியுள்ள நாடுகளில் இன்று நூற்றுக்கு 90 அளவில் பிழைக்கிறார்கள்.

அந்த நீண்ட சிகிச்சையில் வீட்டிலேயே தினமும் கொடுக்க வேண்டிய மாத்திரை மெர்கப்டோபியூரின். அதைக் கண்டறிந்ததில் பெரும் பங்கு ஒரு பெண்ணுக்குரியது. தன் பாட்டனாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, பெண் என்பதற்காகவே வேலை மறுக்கப்பட்ட கேர்ட்ரூட் எலியன் அவர். 1988 இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

ஆனால் சகோதரிகளே, எலியன் தந்த மாத்திரையைப் பிள்ளையின் வாயில் வைப்பது உங்கள் கைதான். அமெரிக்காவில் 2012 இல் வெளியான ஆய்வொன்று, மாத்திரைப் போத்தல்களின் மூடியில் பொருத்திய கருவி மூலம் கணக்கெடுத்தது. நூறு வேளையில் 95 வேளைக்கும் குறைவாக மாத்திரை எடுத்த பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து சுமார் இரண்டரை மடங்காக இருந்தது. இடையிடையே தவறும் வேளைகளுக்கே இந்த விலை என்றால், ஒரேயடியாக நிறுத்துவதை என்னவென்பது?

ஆராய்ச்சி இன்னும் முன்னேறுகிறது. உடலின் எதிர்ப்புக் கலங்களை நோய்க்கலங்களுடன் பிணைத்துவிடும் பிளினாடுமொமாப் என்ற மருந்தை வழமையான சிகிச்சையுடன் சேர்த்தபோது, மூன்று வருடம் நோயின்றி இருந்தோர் நூற்றுக்கு 88 இலிருந்து 96 ஆக உயர்ந்ததாக 2024 இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆயினும் பல ஏழை நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 30 பேர் கூடக் குணமடைவதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயைத் தாமதித்துக் கண்டுபிடிப்பதும், சிகிச்சையைப் பாதியில் விடுவதும் அதற்கான காரணங்களுள் அடங்கும்.

ஆகவே இவற்றைக் கவனத்தில் வையுங்கள்:

காரணமின்றி நீடிக்கும் காய்ச்சல், வெளிறிய முகம், அடிபடாமலே தோன்றும் கண்டல், முரசில் இரத்தக் கசிவு, எலும்பு நோவால் நடக்க மறுத்தல் ஆகியவை தென்பட்டால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டி, இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் வேறு சிறிய நோயாகவே இருக்கும்.

மாத்திரைக்கு ஒரு நேரம் குறித்து, கலண்டரில் அடையாளமிடுங்கள். நோன்பு மாதத்தில் வீட்டு நேரங்கள் மாறும்போது மறதி வரும். மாத்திரையை எந்நேரம் கொடுப்பது என்று முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு வையுங்கள்.

சிகிச்சையிலுள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கைமருந்து எதையும் வைத்தியருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள்.

மஹரகம அரசினர் புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் மன்னாரிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ மாதாமாதம் வந்து போக பஸ் காசு வேண்டும், தங்க இடம் வேண்டும், நாட்கூலிக்குப் போகும் வாப்பாவுக்கு அன்றைய உழைப்பும் போய்விடும். உங்கள் ஊரில் அப்படியொரு குடும்பம் இருந்தால் பள்ளிவாசல் ஸகாத் நிதியிலிருந்து உதவி கிடைக்க வழிசெய்யுங்கள். அந்த உம்மா வைத்தியசாலையில் நிற்கும் நாட்களில் மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சோறு கொடுங்கள். அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

ஓதிப் பார்ப்பதை, துஆச் செய்வதை யாரும் தடுக்கவில்லை. தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ஒட்டகையைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி கற்பித்த மார்க்கம் நம்முடையது. ஓதிய கையாலேயே அன்றைய மாத்திரையையும் கொடுங்கள். "போதும், இனி நிறுத்தலாம்" என்று வைத்தியர் சொல்லும் நாள் வரும், இன்ஷா அல்லாஹ். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரட்டும்.