நாக்கு பொய் சொல்லும், சில்வர் நைட்ரேட் சொல்லாது

சில மாதங்களுக்கு முன்பு எங்கள் பழவேற்காடு பக்கத்துக் குப்பம் ஒன்றில் ஊர்க் கூட்டம். தண்ணீர் உப்பு என்று பெண்கள் முறையிட்டார்கள். வந்திருந்த அலுவலர் கை பம்புத் தண்ணீரை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு?" என்றார். பின்னாலிருந்து ஒரு ஆயா, "கஞ்சிக்கு உப்பு போடுறத நிறுத்தி வருஷமாச்சு சார்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேதியியல் வாத்தியாராக ஓய்வு பெற்றவன் நான். உப்பை நாக்கால் அளக்கக் கூடாது என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பழகிப்போன நாக்கு, உப்பையே உப்பு இல்லை என்று சொல்லும். அதற்கென்று உள்ள மருந்து சில்வர் நைட்ரேட்.

சுத்தமான வெள்ளியை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, சுண்டவைத்து ஆறவிட்டால் நிறமற்ற படிகமாகக் கிடைக்கும். 108 கிராம் வெள்ளிக்கு 170 கிராம். கொலுசை உருக்கிப் போட்டால் அதிலுள்ள செம்பு கரைசலை நீலமாக்கிவிடும். வரும் புகை நஞ்சு. ஆகவே வீட்டில் முயல வேண்டாம், கடையில் வாங்கலாம். வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் பழுப்பு நிறப் பாட்டிலில் இருக்கும். கையில் பட்டால் கறுத்துவிடும், பல நாள் போகாது.

ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 2.4 கிராம் கரைத்தால் போதும். 10 மில்லி கிணற்று நீரில் சிறிது பொட்டாசியம் குரோமேட் விட்டால் மஞ்சளாகும். அதில் இந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். உப்பிலுள்ள குளோரைடு முதலில் வெள்ளியைப் பிடித்துக்கொண்டு தயிர் போல வெண்மையாகப் படியும். குளோரைடு தீர்ந்ததும் செங்கல் சிவப்பு தோன்றும். 1856-ல் கார்ல் மோர் என்ற ஜெர்மானியர் சொன்ன முறை. செலவான ஒவ்வொரு மில்லிக்கும் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரைடு என்று கணக்கு.

இந்தியத் தரக் கட்டுப்பாட்டின்படி 250 மில்லிகிராம் வரை நல்ல நீர். வேறு நீரே இல்லையென்றால் 1000 வரை. அதாவது 5 மில்லிக்குள் சிவந்தால் நிம்மதி. அந்தக் குப்பத்துத் தண்ணீரை நானே சோதித்தேன். 20 மில்லி விட்ட பிறகும் சிவக்கவில்லை.

"டி.டி.எஸ். மீட்டர் போதாதா?" என்பார்கள். அது மொத்தக் கரைபொருளைச் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி இருக்கும் நமக்குக் கடலுப்புதான் கேள்வி. சென்னைக்காக இறைத்து இறைத்து மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறியது நமக்குத் தெரியாததா? 2010 முதல் காட்டுப்பள்ளியில் நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கி நகரத்துக்கு அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, குப்பத்து பம்பில் எத்தனை உப்பு என்று எழுதி வைக்க முடியாதா?

"வெள்ளி விலை ஏறிவிட்டதே" என்றும் சாக்கு சொல்வார்கள். அந்த ஒரு லிட்டரில் இருப்பது ஒன்றரை கிராம் வெள்ளி. ஒரு ஜோடி மெட்டியில்கூட அதைவிட அதிகம் இருக்கும். அதை வைத்து ஐம்பது பம்புகளைச் சோதிக்கலாம். 2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனை கற்றுத்தர வேண்டும் என்று இருக்கிறது. கற்றவர்கள் கையில் பாட்டிலைக் கொடுங்கள். வேலை முடிந்தபின் மிச்சத்தை மட்டும் ஏரியில் கொட்டாதீர்கள். வெள்ளியும் குரோமேட்டும் மீனுக்கு ஆகாது. தனிக் குப்பியில் சேர்த்து ஆய்வுக்கூடத்துக்குத் திருப்பி அனுப்புங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. ஒவ்வொரு பம்பிலும் பெயிண்டால் அந்த எண். அடுத்த முறை எந்த அலுவலரும் ஒரு மடக்கு குடித்துவிட்டுத் தீர்ப்பு சொல்லக் கூடாது. அந்த ஆயா எண்ணைக் காட்டிக் கேட்க வேண்டும்.