சுவரை வைத்துத்தான் சித்திரம்

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. உடம்பைக் கவனித்துக்கொள் என்பதற்காகச் சொன்ன பழமொழி அது. சீமையிலே இந்தப் பழமொழி தலைகீழாகிவிட்ட சங்கதி உங்களுக்குத் தெரியுமோ? அங்கே சித்திரத்துக்காகச் சுவரையே பெயர்த்துக்கொண்டு போகிறார்கள்! பெயர்த்த சுவரை அமெரிக்காவுக்கு அனுப்பி விலை பேசுகிறார்கள். அதன் பேரில் கோர்ட்டில் வழக்கும் நடக்கிறது.

கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

அரிசி மூட்டையின் மேல் மண்டிக்காரரின் மார்க்கைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தகரத்தில் எழுத்துக்களை ஓட்டையாக வெட்டி வைத்திருப்பார்கள். தகரத்தைச் சாக்கின் மேல் வைத்து மையைத் தடவினால், ஓட்டை வழியாக எழுத்து பதிந்துவிடும். இதுதான் ஸ்டென்ஸில். தகரத்துக்குப் பதில் அட்டை, மைக்குப் பதில் டப்பாவிலிருந்து 'புஸ்'ஸென்று பீச்சும் பெயிண்டு, சாக்குக்குப் பதில் ஊரான் வீட்டுச் சுவர் - தெருச் சித்திரக்காரர்களின் மூலதனம் இவ்வளவுதான்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறதே தவிர, அட்டையை வெட்டுவது லேசான காரியமல்ல. ஒரு வளையத்தை வெட்டிப் பாருங்கள். நடுவிலிருக்கும் வட்டமும் சேர்ந்து பொத்தென்று கீழே விழுந்துவிடும்! அது விழாமல் இருக்க, இடையில் மெல்லிய பாலம்போல அட்டையை விட்டு வைக்க வேண்டும். அந்தப் பாலமோ படத்தைக் கெடுக்காமல் நிழலோடு நிழலாகக் கலந்து போக வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் செய்கிற வேலை இது. ஆனால் சுவரில் பதிக்க ஒன்றிரண்டு நிமிஷம் போதும்.

அப்படி என்ன அவசரம் என்று கேட்கிறீர்களா? அநுமதி இல்லாமல் பிறர் சுவரில் வரைவது குற்றமல்லவா? போலீஸ்காரர் தெருமுனை திரும்புவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும்!

பாரிஸ் நகரத்தில் 1981-ஆம் வருஷம் ஸேவியே ப்ரூ என்ற ஓவியர் இந்த வித்தையைத் தெருவுக்குக் கொண்டு வந்தார். சிறு பிராயத்தில் இத்தாலிக்குப் போயிருந்தபோது, யுத்த காலத்தில் சுவரில் ஸ்டென்ஸிலாகப் பதித்திருந்த முஸோலினியின் முகத்தைப் பார்த்தாராம். அது அவர் மனத்தில் பதிந்துவிட்டது. சர்வாதிகாரியின் முகத்தைப் பரப்பிய வித்தையைக் கொண்டு இவர் எலிகளைப் பரப்பினார். பாரிஸ் சுவர்களில் கறுப்பு எலிகள் ஓடத் தொடங்கின. பட்டணத்தில் யாருக்கும் கட்டுப்படாத ஒரே பிராணி எலிதான் என்பது அவருடைய அபிப்பிராயம். தமக்கும் 'ப்ளெக் லெ ரா' என்று எலியின் பெயரையே சூட்டிக்கொண்டார். 1991-ல் போலீஸாரிடம் அகப்பட்டுக்கொண்ட பிறகு, காகிதத்தில் பதித்து அதைச் சுவரில் ஒட்டும் வழிக்கு மாறினார்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரிலிருந்து கிளம்பியவர் பாங்க்ஸி. இதுவும் புனைபெயரே. பதினெட்டு வயதில் இரவு நேரத்தில் ஒரு ரயில் வண்டியின் மீது வரைந்துகொண்டிருந்தபோது போலீஸ் வந்துவிட்டதாம். ஒரு லாரிக்கு அடியில் புகுந்து, மேலே எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் படுத்துக் கிடந்தாராம். அப்போது லாரியின் அடிப்புறத்தில் ஸ்டென்ஸிலால் பதித்த எழுத்துக்கள் கண்ணுக்கு நேரே தெரிந்தன. "வேலையைச் சுருக்கமாக முடிக்க இதுவே வழி!" என்று ஞானோதயம் பிறந்ததாக அவரே எழுதியிருக்கிறார். புத்தருக்குப் போதி மரம், இவருக்கு லாரி!

இனி வழக்குக்கு வருவோம்.

2012 மே மாதம். எலிஸபெத் ராணியின் வைர விழாவுக்காக இங்கிலாந்து முழுவதும் கொடியும் தோரணமுமாக அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. வடக்கு லண்டனில் வுட் கிரீன் என்ற பகுதியில், மலிவுச் சாமான் விற்கும் ஒரு கடையின் பக்கச் சுவரில் பாங்க்ஸியின் படம் ஒன்று தோன்றியது. ஏழைச் சிறுவன் ஒருவன் மண்டியிட்டபடி தையல் மெஷினில் பிரிட்டிஷ் கொடித் தோரணம் தைத்துக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான் படம். "ஊரெல்லாம் தோரணம் கட்டுகிறீர்களே, அதைத் தைத்த பிஞ்சுக் கை யாருடையது?" என்று அது கேட்காமல் கேட்டது. கடைக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். தங்கள் தெருவுக்கு இப்படி ஒரு பெருமை வந்ததில் அந்த வட்டாரத்துக்குச் சந்தோஷம்.

2013 பிப்ரவரியில் ஒரு நாள் பார்த்தால், படம் இருந்த இடத்தில் படத்தைக் காணோம், சுவரையும் காணோம்! சில நாட்களில் அமெரிக்காவில் மயாமி நகரத்து ஏல ஜாபிதாவில் அது இடம் பெற்றிருந்தது. மதிப்பு ஐந்து முதல் ஏழு லட்சம் டாலர். வுட் கிரீன் ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். கடைசி நிமிஷத்தில் ஏலம் நின்றது. ஆனாலும் என்ன? அந்த ஜூன் மாதமே லண்டனில் 7,50,000 பவுனுக்கு மேல் விலை போனதாகச் செய்தி வந்தது. இதற்கிடையில், சுவர் பெயர்ந்த இடத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒரு ஸ்டென்ஸில் எலியைப் பதித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதன் கையில் ஒரு பலகை. அதில் ஒரே வார்த்தை: 'ஏன்?'

எலி கேட்ட கேள்வி கடைசியில் கோர்ட்டுக்கே போயிற்று. ஆனால் வேறொரு சுவரின் மூலமாக. 2014-ல் போக்ஸ்டன் என்ற கடற்கரை ஊரில், ஒரு விளையாட்டுக் கூடத்தின் சுவரில் பாங்க்ஸி வரைந்தார். கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தவர்கள் சுவரை வெட்டி மயாமிக்கு அனுப்பினார்கள். "கட்டடத்தைப் பழுது பார்த்து வைப்பது எங்கள் கடமை. அதனால்தான் வெட்டினோம்" என்று வாதம். பழுது பார்ப்பதென்றால் மேலே ஒரு பூச்சுப் பூசியிருக்கலாமே, சுவரை வெட்டுவானேன்? 2015-ல் லண்டன் ஹைகோர்ட்டு, வெட்டிய சுவர் கட்டடச் சொந்தக்காரரைச் சேர்ந்தது, குடியிருப்பவரைச் சேர்ந்ததல்ல என்று தீர்ப்பளித்தது. சொந்தக்காரர் தம் உரிமையை ஊரிலுள்ள ஒரு கலை ஸ்தாபனத்துக்குக் கொடுத்திருந்தார். ஆகவே படம் ஊருக்கே திரும்பி வந்தது.

ஆனால் எல்லாச் சொந்தக்காரரும் இப்படித் தாராளமாக இருப்பார்களா? மனம் வைத்தால்தானே ஊருக்குக் கிடைக்கும்! சட்டம் செங்கல்லையும் காரையையும் அளந்து சொல்லும். தெருவில் நடப்பவர்களின் கண்ணுக்கு என்ன பாத்தியதை என்று அதற்கு அளக்கத் தெரியாது.

சுவர்க்காரர் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். அவரைக் கேட்டா வரைந்தார்கள்? பிடிக்காவிட்டால் வெள்ளையடிக்க அவருக்கு முழு உரிமை உண்டு. இது சித்திரக்காரர்களுக்கும் தெரியும். 2025 செப்டம்பரில் லண்டன் நீதிமன்றக் கட்டடத்தின் சுவரிலேயே, கீழே விழுந்து கிடப்பவரை நீதிபதி ஒருவர் அடிப்பது போல் பாங்க்ஸி வரைந்தார். புராதனக் கட்டடம் அது. இரண்டே நாளில் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அழிந்து போவது தெருச் சித்திரத்தின் தலையெழுத்து. அதற்கு யாரும் அழுவதில்லை.

விற்பது அப்படியல்ல. தையல் மெஷின் சிறுவனை 2018-ல் ரான் இங்கிலீஷ் என்ற அமெரிக்கத் தெரு ஓவியர் 7,30,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். எடுத்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "இதற்கு வெள்ளையடிக்கப் போகிறேன்!" என்றார். தெருச் சித்திரத்தைச் சந்தைச் சரக்காக்குவதற்கு அது அவருடைய கண்டனம். பைத்தியக்காரப் பேச்சு என்று தோன்றலாம். யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது.

மலிவுச் சாமான் கடையின் சுவரில் இருந்தபோது அந்தச் சிறுவன், சாமான் வாங்க வந்த ஒவ்வொருவரையும் ஒரு கேள்வி கேட்டான். தனவந்தர் வீட்டுக் கூடத்தில் மாட்டினால் அவன் யாரைக் கேட்பான்? அங்கே அவன் வெறும் அலங்காரம். வெள்ளையடித்தால் படம் மட்டுந்தான் போகும். பெயர்த்து விற்றாலோ படம் இருக்கும், கேள்வி போய்விடும்.

பாட்டிமார் சொன்னது இங்கேயும் பலித்துவிட்டது, பார்த்தீர்களா? அந்தச் சுவர் இருந்தால்தான் அந்தச் சித்திரம்.