கீரையும் கூலியும்

இறம்பொடையில் நுவரெலியா வீதியோரக் கடைகளில் மலைநாட்டு மரக்கறிகள் குவிந்திருக்கின்றன. வாங்குவோர் பெரும்பாலும் வழிப்பயணிகளே. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு வழக்கமான உணவு ரொட்டியும் சம்பலும், உடன் தேநீரும்தான்.

தோட்டப் பெண்களிடையே இரத்தசோகை நெடுங்காலப் பிணி. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதற்கு வைட்டமின் சி துணைநிற்கும். தேநீர் அதைத் தடுக்கும். ஆகவே வல்லாரையை நன்கு கழுவிப் பொடியாக அரிந்து, கொய்யா அல்லது தோடம்பழத் துண்டுகள், சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ, உப்பு, தேசிக்காய்ச் சாறு சேர்த்துப் பிசறி உண்பது நன்று. தேநீரை ஒரு மணி நேரம் கழித்து அருந்தலாம்.

ஆனால், சமையற்குறிப்பு மட்டும் சோகையைத் தீர்த்துவிடாது. லயத்து வாசலில் கீரைப்பாத்திக்குச் சொந்தமாய் ஒரு துண்டு நிலம் வேண்டும். பழம் வாங்கப் போதிய கூலியும் வேண்டும். இவ்விரண்டையும் கொடாதவர்கள் தொழிலாளிக்கு ஊட்டச்சத்து உபதேசம் செய்யத் தகுதியற்றவர்கள்.