சருகை எரித்தால் அபராதம், மட்கவைத்தால் உரம்

போகியன்று விடியற்காலையில் திருவல்லிக்கேணியின் குறுகிய தெருக்களில் பழைய பாய், துடைப்பத்தோடு டயரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரிவது உண்டு. மார்கழிக் குளிரில் புகை மேலே எழாமல் தங்கிவிடும். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்தே பாதிக்கப்பட்டது.

போகி ஒரு நாள்தான். வாசலில் கூட்டிய சருகையும் தோட்டத்துக் குப்பையையும் கொளுத்துவதோ ஆண்டு முழுவதும், நகரிலும் கிராமத்திலும் நடக்கிறது. இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?

2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், தெருவிலும் பொது இடத்திலும் நீர்நிலையிலும் குப்பையைக் கொட்டவோ எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்றன. தோட்டக் கழிவைத் தனியாகச் சேர்த்து, உள்ளாட்சி சொல்லும் முறையில் அகற்றவும் கூறின. இவை பெரும்பாலும் நகரங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 'என் நிலத்தில்தானே எரிக்கிறேன்' என்று விவசாயி கேட்கலாம். அதே ஆண்டு டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் திறந்தவெளியில் குப்பை எரிக்கத் தடை விதித்தது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது.

ஆனாலும் அபராதம் மட்டும் நெருப்பை அணைக்காது. திருவல்லிக்கேணி போன்ற நெருக்கமான பகுதியில் சருகைப் போட்டுவைக்க இடமில்லை. குப்பை வண்டி ஒழுங்காக வந்தால்தான் அங்கே விதி நிற்கும். விவசாயிக்கு அந்தச் சிக்கல் இல்லை. குழி வெட்ட மண் இருக்கிறது.

எரிக்கும்போது சருகிலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி காற்றில் போய்விடுகிறது. கையில் மிஞ்சுவது கொஞ்சம் சாம்பல் சத்து மட்டுமே. மண்ணுக்குச் சேரவேண்டிய கரிமச்சத்தும் போய்விடும்.

இலைச்சருகு, கரும்புத் தோகை, நறுக்கிய தென்னை ஓலை ஆகியவற்றை நிழலில் அடுக்கடுக்காகப் போடலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் 'பயோமினரலைசர்' நுண்ணுயிர்க் கலவையை டன்னுக்கு 2 கிலோ வீதம் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, ஈரம் காயாமல் பார்த்து, அவ்வப்போது கிளறிவிட்டால் மட்கு உரமாகும். அதற்கும் நேரமில்லையெனில் சருகை மரத்தடியில் மூடாக்காகப் பரப்பினாலே போதும். பிளாஸ்டிக்கை மட்டும் முதலிலேயே பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்துவிட வேண்டும்.

விரிவாக்கப் பணியாளர்கள் கூட்டங்களில் அபராதத் தொகையைச் சொல்வதோடு நிறுத்தாமல், ஊருக்கு ஒரு மட்கு குழியைக் கண்ணெதிரே போட்டுக் காட்டினால் தீப்பெட்டிக்கு வேலை குறையும்.