நல்ல குழல் வாங்கினால் குறி தப்பாதா?

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

நார்வேயில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர், அங்கே முறைப்படி வேட்டைத் தேர்வு எழுதித் தேறி, ஒரு .308 ரைஃபிள் வாங்கியிருக்கிறார். நூறு மீட்டரில் சுட்ட இலக்குத்தாளைப் படம் எடுத்து அனுப்பி, "சார், குண்டுகள் சிதறுகின்றன. விலை உயர்ந்த குழலாக மாற்றிவிடட்டுமா?" என்று கேட்டிருந்தார். அவருக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். ஆனால் இதில் நம் எல்லோருக்கும் ஒரு கணக்குப் பாடம் இருப்பதால் இங்கேயும் எழுதுகிறேன். (நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இதைப் படித்துவிட்டு யாரும் கொல்லிமலைக்குக் கிளம்பிவிட வேண்டாம்.)

என் கருத்து இதுதான்: குழலை மாற்ற வேண்டாம். அந்தப் பணத்துக்குத் தோட்டா வாங்கிப் பழகட்டும்.

ஏன் என்று கேட்டால், பிதாகரஸ்தான் காரணம். துப்பாக்கியின் சிதறலும் சுடுபவரின் கைச் சிதறலும் ஒன்றையொன்று சாராதவை. அப்படிப்பட்ட பிழைகள் நேராகக் கூடுவதில்லை, வர்க்கங்களாகக் கூடுகின்றன. மேசையில் மணல் மூட்டை வைத்துச் சுட்டால் ரைஃபிளின் சிதறல் 3 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். காட்டில், மூச்சு வாங்க, முழங்காலிட்டுச் சுடும்போது கையின் சிதறல் 12 செ.மீ. இரண்டும் சேர்ந்தால் 9 கூட்டல் 144, அதாவது 153. வர்க்கமூலம் 12.4. இப்போது பெருஞ்செலவில் குழலை மாற்றி 3 செ.மீ.யை 1.5 ஆக்குகிறோம். மொத்தம் 12.1 ஆகிறது. மிச்சம் மூன்றே மில்லிமீட்டர்! குழலைத் தொடாமல் கையின் சிதறலைப் பாதியாக்கிப் பாருங்கள்: 9 கூட்டல் 36, வர்க்கமூலம் 6.7. இந்த ஒரு கணக்கை ஒன்பதாம் வகுப்புப் பையனே போட்டுவிடுவான். ஆனாலும் கடைக்காரர் விளம்பரத்தின் முன்னால் பெரியவர்களுக்கே மறந்துவிடுகிறது.

விளம்பரம் என்றதும் இன்னொன்று. "ஒரு கலைநிமிடத் துல்லியம்" என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. நூறு மீட்டரில் 2.9 செ.மீ. இதைப் பெரும்பாலும் மூன்று குண்டுகளைச் சுட்டு அளக்கிறார்கள். மூன்று குண்டில் என்ன தெரியும்? அதே துப்பாக்கியில் பத்துக் குண்டு சுட்டால், தொலைவில் விழுந்த இரண்டு ஓட்டைகளுக்கு இடையிலுள்ள தூரம் சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலேயே போகும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று பொருளில்லை. மாதிரி கூடும்போது விளிம்பில் விழுபவை கண்ணில் படுகின்றன, அவ்வளவே. மூன்று குண்டுகள் நெருங்கி விழுந்த தாளைச் சட்டம் போட்டு மாட்டுவதும், ஒரே ஒரு மாதத்தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளையை டாக்டர் என்று முடிவு செய்வதும் ஒன்றுதான்.

ரைஃபிளில் பார்க்க வேண்டியது எதுவுமே இல்லையா? இருக்கிறது. பெரும்பாலும் செலவில்லாதவை. ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களின் திருகுகள்தான் முதல் சந்தேகக் கைதிகள். சுடச்சுட அதிர்வில் அவை தளரும். அடுத்து, இரும்புப் பாகத்தை மரக்கட்டையோடு பிணைக்கும் திருகுகள். அவற்றைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, முறுக்கு அளக்கும் கருவியால் இறுக்க வேண்டும். பிறகு ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே நுழைத்து இழுத்துப் பார்க்கலாம். குழல் கட்டையைத் தொடாத வகையில் செய்த ரைஃபிளாக இருந்தால், அது தடையில்லாமல் வர வேண்டும். மரம் ஈரத்தில் உப்பும். நம் வீட்டுக் கதவு ஐப்பசியில் சாத்த மறுப்பதில்லையா? உப்பிய மரம் குழலை ஒரு பக்கமாகத் தள்ளினால், சுடும்போது குழல் அதிரும் விதமே மாறிவிடும். நேற்று விழுந்த இடத்தில் இன்று விழாது.

குழலின் வாய் விளிம்பையும் பார்க்க வேண்டும். அங்கே சின்ன நெளிவு இருந்தாலும், குண்டு வெளியேறும் கணத்தில் வாயு ஒரு பக்கமாகப் பீறிட்டு அதைச் சாய்த்துவிடும். வேட்டை ரைஃபிளின் குழல் மெல்லியது, மூன்று நான்கு குண்டுகளிலேயே சூடாகிவிடும். ஆறவிட்டுச் சுட வேண்டும். காட்டில் எப்படியும் குளிர்ந்த குழலின் முதல் குண்டுதான் கணக்கு.

தோட்டாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் செலவழிக்கச் சொல்வேன். இரண்டு மூன்று வகைகளை வாங்கிச் சுட்டுப் பார்த்து, எது அந்தக் குழலுக்கு ஒத்துப்போகிறதோ அதையே, முடிந்தால் ஒரே தயாரிப்புத் தொகுதியில், மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். ஒத்துப்போவது மாயமில்லை. குழலின் உட்புற மரை குண்டைச் சுழற்றுகிறது, பம்பரம் போல. நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். 1879இல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியர் இதற்கு எளிய சூத்திரம் தந்தார்: 150ஐக் குண்டின் விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, நீளத்தால் வகுக்க வேண்டும். 0.308 அங்குல விட்டம், 1.2 அங்குல நீளம் என்றால், ஏறக்குறைய 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துச் சூத்திரம், இன்றும் பயன்படுகிறது. கணித ஆசிரியர் என்பதால் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

மீதியெல்லாம் ஆள்தான். வெடிச்சத்தத்தையும் தோளில் விழும் உதையையும் எதிர்பார்த்து, விசையை இழுக்கும் முன்பே உடம்பு சுருங்கிவிடும். இது தனக்கே தெரியாது. நண்பர் ஒருவரை உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே, சொல்லாமல், வெடிக்காத பயிற்சித் தோட்டாவையும் கலந்து போடச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும்: சத்தமே வராது, ஆனால் குழல் முனை குபுக்கென்று குனியும். இதற்கு எந்தக் கடையிலும் உதிரிப்பாகம் கிடைக்காது. வெற்றுத் துப்பாக்கியில், தோட்டா இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, தினமும் பத்து நிமிடம் விசையை மெதுவாக அழுத்திப் பழகுவதுதான் மருந்து.

நார்வேக்காரர்கள் இதைச் சட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். பெரிய விலங்குகளை வேட்டையாட விரும்புபவர் ஆண்டுதோறும் முதலில் 30 குண்டுகளாவது சுட்டுப் பழகி, பிறகு நூறு மீட்டரில் 30 செ.மீ. வட்டத்துக்குள் ஐந்து குண்டுகளையும் போட்டுக் காட்ட வேண்டும். 30 செ.மீ.! துப்பாக்கி எவ்வளவு நுட்பமானது என்று அவர்கள் கேட்கவில்லை. மனிதர் தேறுகிறாரா என்று கேட்கிறார்கள். எனக்கு இந்த வரிசை மிகவும் பிடித்திருக்கிறது.

உறவில் ஒரு பெண், "உயிரைக் கொல்வதற்கு ஏன் பெரியப்பா துல்லியம் சொல்லித் தருகிறீர்கள்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். நான் புலால் உண்ணாதவன், வேட்டையில் எனக்கு ஆசையும் இல்லை. ஆனால் குறி தப்பினால் விலங்கு பிழைத்துவிடும் என்று நினைப்பது தவறம்மா. அரைகுறையாகப் பட்ட விலங்கு ஓடி, நாள்கணக்கில் துடித்துச் சாகும். சில சமயம் சாகாமலும் இருக்கும். 1907இல் குமாவுன் மலையில் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி நேபாளத்திலும் இந்தியாவிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வலப்பக்கத்து மேல், கீழ்க் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. யாரோ எப்போதோ சுட்ட காயம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்களிடம் வந்தது என்று கார்பெட் எழுதியிருக்கிறார். அந்த முதல் குண்டைச் சுட்டவர் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.